பிச்சம்மாள் வாய் மூடிய பகல்

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி வார்டுகளில் ‘பேசாதிருங்கள்’ என்று பலகை மாட்டிவைக்கிறார்கள். போன மாதம் கண் காட்டப் போன இடத்தில், அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து இரண்டு பேர் ஒரு கலியாணத்தையே பேசி முடித்தார்கள். பலகை எழுதியவருக்கு நோயாளியைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். நான் பழைய நர்சு என்று தெரிந்ததும் அங்கிருந்த இளம்பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “வாயாடி நோயாளிககிட்ட மாட்டினா மத்தக் கட்டில் வேலையெல்லாம் நின்னு போயிருதும்மா. மூஞ்சியில அடிச்சாப்ல சொல்லவும் முடியல. நீங்க எப்படிச் சமாளிச்சீக?” என்று கேட்டார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிகிற பதிலாக அது இல்லை. எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதல்ல. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன், மாப்பிள்ளை அமையவில்லை, சபையில் உபதேசியாராக இருந்த அப்பா பாளையங்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் என்னைக் கொண்டுவிட்டார். சில வருஷம் தரை துடைத்தேன், கட்டுத்துணி கிழித்தேன், கொதிநீரில் கையைச் சுட்டுக்கொண்டேன். பிறகு ஒரு வெள்ளைச் சேலை கொடுத்து நர்சு என்றார்கள். இதெல்லாம் முதல் ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். எங்கள் டாக்டர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். ஊரார் டாக்டர் மிஸ்ஸியம்மா என்பார்கள். வேதபுத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர் ஆதலால், அவர் திட்டினாலும் பிரசங்கம் மாதிரியே இருக்கும்.

நான் வேலை கற்றது அவரிடம் அல்ல, தலைமை நர்சு ஞானவடிவு அக்காவிடம். ஒல்லியான ஆள். ஓடமாட்டார், ஓட விடவும் மாட்டார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். அவர் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தால் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் வேலை தேடிக்கொள்வோம்.

பேசும் நோயாளியை விட்டு நகர்வதற்கு அக்கா ஒரு முறை வைத்திருந்தார். முதல் விதி, கை நிற்கக் கூடாது. அவள் பேசப் பேச நீ போர்வையை இழுத்துவிடு, நாடியைப் பிடி, தலையணையைத் திருப்பு. வாசலைப் பார்க்காதே, ஒரு தடவை பார்த்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும், மனசு சுணங்கிப்போவாள். கை சும்மா இருப்பவளுக்குச் சுருட்டக் கட்டுத்துணி கொடு. பேச்சின் நடுவில் வெட்டாதே, ஒரு வாக்கியம் முடிகிற இடத்துக்குக் காத்திரு. முடிந்ததும், “அந்த இடத்துல நிறுத்துங்கம்மா. அங்கன மருந்து கொடுத்துட்டு வந்து மிச்சத்தைக் கேக்கேன்” என்று சொல். அப்புறம் கட்டாயம் போய்க் கேள். போகும்போது கதை எங்கே நின்றதோ அந்த இடத்தை நீயே எடுத்துக் கொடு.

இந்தக் கடைசி விதிதான் எங்கள் உயிரை வாங்கியது. வேலை முடிந்து போகிறபோது காய்ச்சல் எவ்வளவு, பேதி எத்தனை என்று கேட்டுவிட்டு, “மூலைக் கட்டில் அம்மா கதை எங்க நிக்குது?” என்றும் அக்கா கேட்பார். “மருமகன் கோவிச்சிக்கிட்டு ஆழ்வார்திருநகரிக்குப் போயிட்டாராம்க்கா” என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் கிசுகிசு. எனக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழலை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டால் எந்த வாயாடியும் அடங்கிவிடுவாள் என்று கண்டுபிடித்து, நானாக ஒரு வழி வைத்திருந்தேன். இரண்டு நாளில் அக்காவிடம் அகப்பட்டேன். “அது காய்ச்சல் பாக்க வந்தது. வாய்க்குப் பூட்டுப் போட வந்ததில்ல” என்றார், மெதுவாக, மிக மெதுவாக.

இனி அந்தப் பகலுக்கு வருகிறேன்.

மேற்கே ஆற்றங்கரையில் வயலும் வீடும் உள்ள ஒரு சைவக் குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண் ஆவுடையம்மாள், பதின்மூன்று பதினான்கு வயது இருக்கும், டைபாய்டு காய்ச்சலோடு வந்து மூன்றாம் வாரத்தில் கிடந்தாள். டைபாய்டில் குடலுக்குள் புண் இருக்கும். மூன்றாம் வாரத்தில் குடல் மெல்லிய காகிதம் மாதிரி ஆகிவிடும். கட்டியாக எது போனாலும் ஓட்டை விழலாம். அதனால் பார்லித் தண்ணீரும் மோர்த் தெளிவும் தவிர ஒரு பருக்கை கூடக் கூடாது என்பது மிஸ்ஸியம்மாவின் உத்தரவு. நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; அந்தக் குடும்பம் நாங்கள் தொட்ட தண்ணீரைக் குடிக்காது. ஆகையால் ஆஸ்பத்திரிக் கொட்டகையிலேயே அடுப்பு வைத்துத் தாயார் காந்திமதியம்மாள் காய்ச்சிக் கொடுத்தார். கட்டிலைச் சுற்றி மறைப்புக்கு ஒரு தட்டியும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தட்டிக்கு இந்தப் பக்கம், அடுத்த கட்டிலில் கிடந்தவர்தான் பிச்சம்மாள். ஆவுடையின் அத்தை, அப்பாவின் தங்கை. படித்துறையில் வழுக்கிக் கால் முறிந்து, பலகை வைத்துக் கட்டிப் படுத்திருந்தார். கால்தான் கட்டுக்குள் இருந்தது. விடிந்தால் பேச்சு, விளக்கு வைத்தாலும் பேச்சு. குலசேகரன்பட்டினத்துத் தசராவில் வேஷம் போட்டவன் கூட்டத்தில் தன் சொந்த மாமனாரிடமே பிச்சை கேட்ட கதை, பக்கத்து வீட்டு எருமை கன்று போட்ட கதை, எல்லாம் நிதானமாக, வரப்பு வரப்பாக வரும். தட்டிக்குப் பின்னால் காய்ச்சலில் கிடந்த பெண் சில சமயம் மெல்லச் சிரிப்பது கேட்கும். எனக்குத்தான் சிரிப்பு வராது. ஆற்றுத் திருவிழா முடிந்து ஊரெல்லாம் பேதி. வார்டு நிரம்பி வராந்தாவிலும் பாய் போட்டிருந்தோம். இருந்த நர்சுகள் இரண்டே பேர்.

அன்று காலை அவர் பேச்சு வழக்கத்தை மீறியது. கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்த என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நர்சம்மா, என் கதையை உனக்குச் சொல்லலியே. எனக்குக் கலியாணம் ஆகி ஏழு வருஷம் கழிச்சு ஒரு நா, பொழுது சாயுத நேரம்...”

“வராந்தாவுல ஆளு கிடக்குதும்மா...”

“கிடக்கட்டும்ளா, இதைக் கேளு. மழை தூறுது. மாட்டுக்குக் காலு வழுக்குது. வண்டிக்காரன் வாயே தொறக்கலை. வண்டி பைய வந்து வாசல்ல நின்னுது...”

அந்த வாக்கியம் முடிந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டேன். விடுவித்தேன் என்பதைவிடப் பிடுங்கினேன் என்பதே சரி. அதற்குள் வராந்தாவில் இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உச்சிப்பொழுதுக்கு முன் தட்டிக்குள் இருந்து ஓர் அலறல் வந்தது. ஆவுடை முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு துடித்தாள். வயிறு உப்பி, தொட்டால் கத்தினாள். நாடி என் விரலுக்கடியில் எண்ண முடியாமல் ஓடியது. ஞானவடிவு அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டு மிஸ்ஸியம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

மிஸ்ஸியம்மா வந்து பார்த்தார். கை வைத்துப் பார்க்கக் கூடச் சரியாக முடியவில்லை. தாயார் குறுக்கே விழுந்து, பிள்ளையின் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார்.

“இவளுக்கு ஏதாகிலும் புசிக்கக் கொடுத்தீர்களோ?”

“இல்ல.”

“சத்தியமாகச் சொல்லும். ஒரு வாய் அன்னம்?”

“நெல்லையப்பர் சத்தியமா ஒண்ணும் கொடுக்கலை, தாயி.”

மிஸ்ஸியம்மா எங்களை வெளியே அழைத்தார். விஷயத்தை அவர் சொன்னபடியே சொல்கிறேன். ஒன்றும் சாப்பிடாத பிள்ளைக்கு மூன்றாம் வாரத்தில் இப்படித் திடீர் வலி வந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே வயிற்றைத் திறந்து தைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் சாவு. கண்டதைத் தின்று வந்த உப்புசம் என்றால் திறக்கவே கூடாது. இந்த உடம்பு இருக்கும் இருப்பில் குளோரோபாரமே அவளைக் கொன்றுவிடும். மேசையைத் துடைக்கச் சொன்னார். கத்திகளைக் கொதிநீரில் போடச் சொன்னார்.

என் மனசில் ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. தாயார் குறுக்கே விழுந்தபோது அவர் முந்தானையில் நல்லெண்ணெய் வாசம் அடித்தது. பார்லித் தண்ணீருக்கு எதற்கு நல்லெண்ணெய்? இன்னொன்றும் இருந்தது. அண்ணன் மகள் அலறுகிறாள், அடுத்த கட்டிலில் பிச்சம்மாள் ஒரு சொல் பேசவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அக்காவிடம் சொன்னேன். அக்கா மிஸ்ஸியம்மாவிடம் சொன்னார்.

“சந்தேகத்தை நம்பி நான் கத்தியைக் கீழே வைக்கக் கூடாது. எனக்குத் தெரிய வேண்டும்” என்றார் மிஸ்ஸியம்மா. “தண்ணீர் கொதிக்கும் மட்டும் காத்திருப்பேன்.”

ஓடிப்போய்ப் பிச்சம்மாளைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அக்கா என் தோளில் கை வைத்தார்.

“உலுக்கினா பூட்டிக்கிடும். நீ போய் அந்தக் கட்டில் பக்கத்துல முக்காலியைப் போட்டு உக்காரு. உன் வேலையை நான் பாக்கேன். கேள்வி கேக்காத. கதை எங்க நிக்குதுன்னு தெரியும்லா?”

தெரியும். வேலை நேரத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எல்லாக் கட்டிலிலிருந்தும் என்னைக் கூப்பிடுகிறார்கள், தட்டிக்குள் பிள்ளை முனகுகிறது, அடுக்களைப் பக்கம் விறகு வெடிக்கிறது. நான் பேச்சுக் கேட்க உட்கார்ந்திருக்கிறேன்!

“வண்டி வாசல்ல வந்து நின்னுதுன்னு சொன்னீக” என்றேன்.

போர்வையை இழுத்துவிட்டேன்.

“மாமியா வீட்டு வாசல்லயாம்மா?”

பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மாமியா வீட்டு வாசல் இல்ல. அண்ணாச்சி வீட்டு வாசல். என்னை இறக்கி விட்டுட்டு வண்டி திரும்பிப் போயிட்டு.”

கேள்வி நாக்கு நுனி வரை வந்து நின்றது.

“மூணு தடவை வயித்துல தங்கிக் கலைஞ்சு போச்சு. இடுப்புல பலமில்லாத பொண்ணைத் தலையில கட்டிட்டாகன்னு மாமியா சொன்னாக. அவுக சொன்னதும் நெசந்தான். நான் சமைஞ்ச நேரம் எனக்கு அம்மை போட்டிருந்து. அம்மை போட்ட வீட்டுல எண்ணெய் புழங்க மாட்டாக. எல்லாப் பிள்ளைகளுக்கும் கிண்டிக் கொடுக்கிற உளுந்தங்களி எனக்கு யாரும் கொடுக்கலை. அம்மை இறங்கித் தண்ணி விட்ட பொறவும் யாருக்கும் ஞாபகமில்ல. அதான் நர்சம்மா, என் பொழப்பு அந்தக் களியில போச்சு.”

எங்கள் பக்கம் பெண் வயசுக்கு வந்தால் கறுப்பு உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டுக் களி கிண்டி நாள்தோறும் உருட்டிக் கொடுப்பார்கள். இடுப்புக்குப் பலம் என்பார்கள். இரும்பு மாதிரி உட்காரும் பண்டம். தாயார் முந்தானையில் அடித்த நல்லெண்ணெய் வாசம் எதற்கென்று எனக்கு இப்போது புரிந்தது.

“முந்தாநா விடியக்காலம் ஆவுடை சமைஞ்சிட்டா” என்றார் பிச்சம்மாள். இப்போது என்னைப் பார்த்தார். “ஆஸ்பத்திரிக் கட்டில்ல, காய்ச்சலோட சமைஞ்சான்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு மதினி அழுதாக. நான்தான் சொன்னேன், யாருக்கும் சொல்ல வேண்டாம், ஆனா களியை மட்டும் விட்டுராதீக, என் கதி இவளுக்கு வரக் கூடாது, நர்சு வந்தா நான் பேச்சுல பிடிச்சு வச்சிக்கிடுதேன்னு. நேத்து ஒரு சின்ன உருண்டை. இன்னைக்கு நீ இங்கன நின்னியே, அப்ப ரெண்டு. பசியில மெல்லாம முழுங்கிட்டா.”

நான் எழுந்துவிட்டேன். அவர் மறுபடியும் என் மணிக்கட்டைப் பிடித்தார். காலையில் பிடித்த பிடி இல்லை இது.

“நான் சொன்னேன்னு தெரிஞ்சா அண்ணாச்சி என்னை வீட்டுக்குள்ள ஏத்த மாட்டாக. எனக்கு வேற வாசல் கிடையாது.” கையை விட்டார். “போய்ச் சொல்லு. சீக்கிரம் போ.”

ஓடினேன். அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றார், ஓடாதே என்று சொல்லவில்லை. கழுவிய கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி மிஸ்ஸியம்மா நான் சொன்னதைக் கேட்டார். கேட்டு முடித்து, நேரே தட்டிக்குள் போனார். இந்தத் தடவை தாயார் தடுக்கவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது என்று என் முகத்திலேயே பார்த்துவிட்டார். கட்டிலுக்கடியில் சுருட்டி மறைத்திருந்த தீட்டுத் துணிகளை எடுத்துக் காட்டினார். மிஸ்ஸியம்மா பிள்ளையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல் விரலாக நகர்த்தினார். ஒரே இடத்தில் நெடுநேரம் வைத்திருந்தார்.

“இப்பொழுது திறக்கமாட்டேன்” என்றார். “நாடி இன்னும் ஏறினால் திறப்பேன். மேசை தயாராக இருக்கட்டும்.”

காத்திருப்பது கத்தி எடுப்பதைவிடக் கொடுமை. கம்பளித் துணியைக் கொதிநீரில் முக்கிப் பிழிந்து, டர்பன்டைன் தெளித்து வயிற்றில் போட்டோம். சூடு ஆற ஆற மாற்றினோம். வாயு பிரியக் குழாய் வைத்தோம். நாடி பிடித்திருந்த விரலை நான் எடுக்கவே இல்லை. களி என்று நம்பித்தானே காத்திருக்கிறோம்; களி தின்ற வயிற்றிலும் ஓட்டை விழுந்திருக்கலாமே? அப்படி இருந்தால் என் பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளையைச் சாகவிடுகிறோம். பயத்தில் எனக்கு ஜெபம் கூட வரவில்லை.

இதற்கு நடுவில் பிள்ளையின் தகப்பனார் வந்தார். நல்ல உயரம், நெற்றி நிறையத் திருநீறு. ஊரில் எல்லோருக்குமே அவர் அண்ணாச்சிதானாம். தாயார் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் தங்கையின் கட்டிலருகே வந்து நின்றார்.

“ஏளா, வீட்டுப் பொம்பளைப் பிள்ளை விஷயத்தைப் போயி வேதக்காரிககிட்ட சொல்லிட்டியேளா. இனி உனக்கும் எனக்கும் பேச்சுக் கிடையாது.”

பிச்சம்மாள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நாடியை விட்டு எழுந்திருக்க முடியாததால் அவர் தப்பித்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வயிறு இளகியது. வாயு பிரிந்தது, சிறிது நேரத்தில் களியும் வெளியே வந்தது. மிஸ்ஸியம்மா அதை விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, என் வாழ்நாளில் அவர் முகத்தில் நான் கண்டிராத ஒரு சிரிப்புச் சிரித்தார். நாடி இறங்கியது. கத்திகளைத் துடைத்து எடுத்து வைத்தோம். நான் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் நாளுக்கு நாள் குறைந்தது. ஆனால் பிச்சம்மாள் அதற்கப்புறம் பேசவில்லை. அண்ணனும் மதினியும் அவர் கட்டிலைத் தாண்டித்தான் தட்டிக்குள் போவார்கள், திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் வேண்டுமென்றே நின்று, எருமைக் கன்று என்ன ஆயிற்று என்று கேட்டுப் பார்த்தேன். “நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வேலையெல்லாம் நேரத்துக்கு முடிந்தது. அந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில் நான் மருந்துத் தட்டோடு உள்ளே வந்தேன். அண்ணாச்சி தட்டிக்குள் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டு ஆவுடைக்குத் தெளிவு வந்திருந்தது. மெலிந்த குரலில் கேட்டாள்.

“அப்பா, அத்தை எப்ப செத்தாக?”

அவர் திடுக்கிட்டுப் போனார். “என்னட்டி பேசுத?”

“அத்தை சத்தம் கேக்கவே இல்லையே. காய்ச்சல்ல கண்ணு தெரியாம கிடந்தப்பல்லாம் அத்தை பேசுதது கேக்கும். அதைக் கேட்டா நான் உசிரோட இருக்கேன்னு தெரியும். இப்ப ஒண்ணுமே கேக்கலை. எங்கிட்ட மறைக்கீக. அத்தை செத்துட்டாக.” உதடு பிதுங்கி விம்ம ஆரம்பித்தாள். அந்த வயிறு குலுங்கக் கூடாது. தாயார் பதறித் தோளை அமுக்கினார், நான் தட்டை வைத்துவிட்டு ஓடினேன். விம்மல் நிற்கவில்லை.

அண்ணாச்சி எழுந்து வெளியே வந்தார். தங்கை கட்டிலருகே நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் மேல்துண்டைப் பார்த்தார்.

“ஏளா, பிள்ளை கேக்குதுல்லா. பேசு.”

பிச்சம்மாள் மெதுவாகத் திரும்பினார். “என்னத்தைப் பேச?”

“எதையாச்சும் பேசு.”

“வீட்டுக்கு வந்த பொறவும் பேசலாமா அண்ணாச்சி?”

வார்டில் பக்கத்துக் கட்டில்களில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். “வந்து பேசு” என்றார். சொல்லிவிட்டுத் தட்டியைத் தன் கையாலேயே பிடித்து ஓரமாக இழுத்து வைத்தார்.

பிச்சம்மாள் முழங்கையை ஊன்றி எழும்பி, அண்ணன் மகளைப் பார்த்தார். அத்தனை நாள் அடைத்துக்கிடந்த குரல் வார்டின் கடைசிக் கட்டில் வரை போயிற்று.

“ஏட்டி ஆவுடை! நான் செத்துட்டேன்னு எவட்டி சொன்னா? உனக்குத் தண்ணி விட்டு, சடங்கு சுத்தி, பெரிய மனுஷியாக்கிக் கண்ணால பாக்காம நான் எங்கட்டி போவேன்?”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பைய பேசு என்று கூட அவர் சொல்லவில்லை.